கிற்றாரும் எதிரொலியும்



ஆழமான கிணற்றின் கட்டிலே சாய்ந்து நின்று, உள்ளே குரல் கொடுத்து விளையாடாத பிள்ளைகள் நம்மிடையே அரியர். நாம் ‘ஓ’ என்றால் கிணறும் ‘ஓ’ என்கிறது. நாம் கூறியதையே அது கூறுகிறது. ஆயினும் நாம் கூறியவாறே கூறுவதில்லை. சற்றுப் பிந்திக் கூறுகிறது. சற்றுத் தாழ்ந்து கூறுகிறது. சற்று மங்கிக் கூறுகிறது. எது நமது குரல், எது கிணற்றின் குரல் என்பதைக் காது ஐயமின்றி அறிந்துகொள்வது இம்மூன்றினாலுமே. இன்றைய பேச்சு முழுவதும் இந்தச் சிறு உண்மையைப் பற்றியதே.

மின் கிற்றார் வாசிப்போர் தம் காலடியிலே சிறு பெட்டிகள் சிலவற்றை வைத்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றுள் ஒன்று ‘டிலே’ எனப்படும். டிலே என்றால் தாமதம். வாசித்த ஒலியை வாங்கி, சற்று நேரம் வைத்திருந்து, மீண்டும் மீண்டும் வெளிவிடுவதே அப்பெட்டியின் வேலை. அவ்வாறு மீண்டு வரும் ஒவ்வொன்றையும் மீளொலி என்று பெயரிட்டுக்கொள்வோம். அந்த மீளொலியை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பரப்பி வைப்பது ஒரு கலை. பழைய ஒலிப்பதிவு நாடாவின் கரகரப்பை அதற்கு ஊட்டுவது மற்றொரு கலை. இவ்விரண்டையும் அளவறிந்து செய்வது எவ்வாறு என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

நான் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர், கலைப் பட்டதாரி. இலத்திரனியலில் பயிற்சி பெற்றவனல்லன். இத்துறையில் எனக்கு அக்கறை பிறந்தது நான் செய்த ஒரு தவற்றினாலே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கிற்றார் வாசித்தாள். தாய்மாமனிடம் இரவல் வாங்கிய டிலேப் பெட்டியொன்று அவள் காலடியில் இருந்தது. முதல் நான்கு சுரங்கள் அழகாக ஒலித்தன. பின்னர் சுரத்தின்மேற் சுரமாக மீளொலிகள் குவிந்தன. எது வாசித்தது, எது மீண்டது என்று தெரியாத இரைச்சலொன்று மண்டபத்தை நிரப்பிற்று. சில சுரங்கள் இடியென முழங்கின. சில சுரங்கள் காற்றோடு போயின. பிரதம விருந்தினர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையை உயர்த்தி, மின்சாரத்தை நிறுத்துமாறு சைகை காட்டினேன். வாசிப்பு நடுவிலே நின்றது. அப்பிள்ளை தலைகுனிந்தபடி மேடையைவிட்டு இறங்கினாள். மறுநாள் அவளை அழைத்து, பயிற்சியின்றி மேடை ஏறலாமா என்று கண்டித்தேன். அவள் சொன்ன மறுமொழி ஒன்றுதான்: “வீட்டிலே இது இப்படிக் கேட்கவில்லை, சேர்.”

அம்மறுமொழியைச் சாக்குப் போக்கென்றே அன்று எண்ணினேன். அது முழு உண்மை என்பதை அறியப் பல மாதங்கள் சென்றன. வீட்டில் ஒலித்த இசை மண்டபத்தில் ஏன் கெட்டது என்ற வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், மீளொலி எவ்வாறு பெட்டிக்குள் வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒலிக்கு வேகம் உண்டு. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். நமது நாட்டின் 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். ஆகவே 35 மீற்றர் தொலைவிலுள்ள சுவரை நோக்கிக் கைதட்டினால், ஒலி போய்வர 70 மீற்றர். அதற்குச் செல்லும் காலம் 5இல் 1 பங்கு செக்கன். நீண்ட எதிரொலி வேண்டுவோர் தொலைவான சுவரைத் தேடிச் செல்லவேண்டும். பல நூற்றாண்டுகளாக இதுவே நியதியாயிருந்தது.

காந்த நாடா அந்த நியதியை மாற்றிற்று. 1928ஆம் ஆண்டில் ஜேர்மனியில் பிரிட்ஸ் புளோய்மர் என்பவர் காந்தப் பொடி பூசிய நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜீ. நிறுவனம் மக்னற்றபோன் என்னும் நாடாப் பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. போரின் பின் அக்கருவிகள் இரண்டை ஜாக் மலின் என்னும் அமெரிக்கர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். 1948இல் அம்பெக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலேயே அத்தகைய கருவியைச் செய்து விற்கத் தொடங்கியது.

நாடாக் கருவியில் ஒலியைப் பதியும் தலை ஒன்று, பதிந்ததை வாசிக்கும் தலை மற்றொன்று. இரண்டும் சற்று இடைவெளி விட்டு நிற்கும். நாடா முதலில் பதிதலையைக் கடந்து, பின்னரே வாசிதலையை அடையும். நாடா செக்கனுக்கு 15 அங்குலம் ஓடுகிறதென்றும், தலைகளுக்கிடையே 2 அங்குலம் உண்டென்றும் வைத்துக்கொள்வோம். இரண்டைப் பதினைந்தால் வகுத்தால் 0.133 செக்கன், அதாவது 133 மில்லிசெக்கன். பாடும்போதே அப்பாடலை வாசிதலையிலிருந்து எடுத்து மூல ஒலியோடு கலந்தால், எந்தச் சுவரும் இன்றி ஓர் எதிரொலி கிடைக்கும். மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் தமது சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் இம்முறையைக் கையாண்டார். 1954இல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டுக்கள் பதிவானது அங்கேதான். ஒரே ஒரு முறை சட்டென மீளும் அந்த எதிரொலி ‘ஸ்லாப்பக்’ என்று பெயர் பெற்றது.

பிறகு இதற்கெனவே தனிக் கருவிகள் தோன்றின. அமெரிக்காவில் ரே பட்ஸ் என்பவர் நாடா எதிரொலியை அம்பிளிபயருக்குள்ளேயே பொருத்தி ‘எக்கோசொனிக்’ என்ற பெயரில் செய்தளித்தார். பிரெஸ்லியின் கிற்றார்க் கலைஞர் ஸ்கொற்றி மூர் அதனைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் 1958இல் வற்கின்ஸ் நிறுவனத்தின் ‘கொப்பிகற்’ வெளிவந்தது. இத்தாலியின் பின்சன் நிறுவனம் நாடாவுக்குப் பதிலாகச் சுழலும் காந்த உருளையைப் பயன்படுத்திற்று. யப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட ‘ஆர்.ஈ. 201’ என்னும் ஸ்பேஸ் எக்கோவில் மூன்று வாசிதலைகள் இருந்தன. முடிவற்ற வளையமாய் ஒட்டிய நாடா அதனுள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

இக்கருவிகள் தாம் வாங்கிய ஒலியைப் பழுதின்றித் திருப்பித் தந்தனவல்ல. அவற்றின் குறைகள் மூன்று.

முதலாவது, நிறைவு. நாடாவில் பூசப்பட்ட காந்தப் பொடி ஓரளவுக்கே காந்தத்தை ஏற்கும். நனைந்த துணி மேலும் நீரை உறிஞ்ச மறுப்பதுபோல, அளவு கடந்த ஒலியை அது ஏற்க மறுக்கும். அதனால் ஒலியலையின் கூரிய உச்சிகள் மழுங்கி உருண்டுபோகின்றன. அலையின் வடிவம் மாறினால் அதில் இல்லாத புதிய சுரங்கள் தோன்றும். நாடாவின் சிதைவில் முதன்மையாகத் தோன்றுவது மூலத்தின் மும்மடங்கு மீடிறனுடைய சுரம். நமது சங்கீத வழக்கில் சொன்னால், ஆதார சட்சத்தை வாசித்தால் மேல்ஸ்தாயிப் பஞ்சமம் தானே கூடவருகிறது. அடுத்துத் தோன்றுவது ஐம்மடங்கு. அது இரண்டு ஸ்தாயிக்கு மேலுள்ள அந்தர காந்தாரம். நன்கு சுருதி கூட்டிய தம்புராவில் மீட்டாத காந்தாரம் கேட்பதை இசையறிந்தோர் யாவரும் அறிவர். அளவோடு நிற்கும் நாடாச் சிதைவு காதுக்கு வெம்மையாகத் தோன்றுவதற்கு, அது சேர்க்கும் சுரங்கள் இவ்வாறு மூலத்துக்கு உறவானவையாயிருப்பது ஒரு காரணம்.

இரண்டாவது, மங்கல். தலைக்கும் நாடாவுக்குமிடையே ஏற்படும் நுண்ணிய இடைவெளி, தலையின் பிளவின் அகலம் ஆகிய காரணங்களால் உயர்ந்த மீடிறன்கள் குறைந்துபோகின்றன. மீளொலியை மீண்டும் பதிந்து, அதனையும் மீண்டும் பதியும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒலி இன்னுஞ் சற்று மங்குகிறது. இயற்கையிலும் அப்படியே. தொலைவிலிருந்து வரும் ஒலியின் கூர்மையைக் காற்றும் சுவரும் திரைச்சீலையும் உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே மங்கிய ஒலியைக் கேட்டால், ‘இது தொலைவிலிருந்து வருகிறது’ என்று காது முடிவு செய்கிறது.

மூன்றாவது, அசைவு. நாடாவை இழுக்கும் உருளை எக்காலமும் ஒரே சீராய்ச் சுற்றுவதில்லை. அதனால் மீளொலியின் சுருதி நூலளவு மேலும் கீழும் அசைகிறது. மூலம் அசையாது நிற்க, மீளொலி மட்டும் அசைவதனால் இரண்டும் வேறு வேறெனத் தெரிகின்றன.

நேயர்களே, இப்போது கிணற்றை நினைவுகூருங்கள். பிந்துதல், தாழ்தல், மங்குதல் என்று மூன்றைக் கூறினோமல்லவா? நாடாக் கருவி தன் குறைகளாலேயே கிணற்றின் இயல்பைப் பெற்றுவிட்டது. செய்தவர்கள் இவற்றைக் குறையென்றே கருதி, களைய முயன்றனர். இசைவாணர்களோ அவற்றையே குணமாகக் கொண்டனர்.

1969இல் ஹொலண்டின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் ‘பக்கற் பிரிகேட்’ என்னும் மின்சுற்று உருவாயிற்று. தீயணைப்போர் வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, மின்னேற்றம் ஒரு கொள்ளளவியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிச் செல்லும். அதனால் நாடா இல்லாமலே தாமதம் கிடைத்தது. 1980களில் ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்திருந்து திருப்பித் தரும் இலக்கமுறைப் பெட்டிகள் காலடிக்கு வந்துசேர்ந்தன. அவை தந்த மீளொலி மூலத்தின் அச்சுப் பிரதியாய் இருந்தது. மங்கலில்லை, அசைவில்லை, சிதைவில்லை. அப்போதுதான் ஒரு விந்தை நேர்ந்தது. பழுதற்ற மீளொலி மூலத்தோடு சரிநிகராய் நின்று போட்டியிட்டது. எனவே இன்றைய இலக்கமுறைப் பெட்டிகள் பலவற்றில் நாடாவின் நிறைவையும் மங்கலையும் அசைவையும் கணக்கிட்டுச் சேர்க்கும் குமிழ்கள் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே குறையைக் கூட்டுகிறார்கள்.

இனி அக்குமிழ்களுக்கு வருவோம். எல்லா டிலேப் பெட்டியிலும் அடிப்படையானவை மூன்று. மீளொலி எவ்வளவு நேரம் பிந்தவேண்டும் என்பதை முதலாவது தீர்மானிக்கிறது. எத்தனை முறை மீளவேண்டும் என்பதை இரண்டாவது தீர்மானிக்கிறது. மூலத்தோடு எவ்வளவு கலக்கவேண்டும் என்பதை மூன்றாவது தீர்மானிக்கிறது.

காலத்தைப் பாட்டின் நடைக்கேற்ப வைத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 80 அடி வீதம் தாளம் செல்லுமாயின், 60ஐ 80ஆல் வகுக்க ஓர் அடிக்கு 0.75 செக்கன், அதாவது 750 மில்லிசெக்கன். அரை அடிக்கு 375. முக்கால் அடிக்கு ஏறத்தாழ 560. அயர்லாந்தின் ‘யூ 2’ குழுவின் கிற்றார்க் கலைஞர் தி எட்ஜ் முக்கால் அடித் தாமதத்தைப் பெரிதும் கையாள்பவர். அவர் ஒரு சுரம் வாசிக்க, மீளொலி அடுத்த சுரங்களின் இடைவெளியிலே வந்து விழும். இரண்டும் பின்னிச் சேர்ந்து ஓட்டமான நடையாகின்றன.

மீளும் அளவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒவ்வொரு மீளொலியும் முன்னதில் பாதியளவாயின், ஏழாவது மீளொலி மூலத்தின் நூறிலொரு பங்கினும் சிறிதாகிவிடும். ஐந்தில் நான்கு பங்காயின், அந்நிலைக்கு வர இருபத்தொரு முறை மீளவேண்டும். தாமதம் 400 மில்லிசெக்கனாயின், முன்னது ஏறத்தாழ 3 செக்கனில் அடங்கும். பின்னது 8 செக்கனுக்கு மேல் நிற்கும். அந்த 8 செக்கனுள் வாசிப்பவர் பல சுரங்களைக் கடந்து சென்றுவிடுவார். பழைய சுரம் புதிய சுரத்தின்மேற் குந்தியிருக்கும். குமிழை மேலும் திருகி, ஒவ்வொரு மீளொலியும் முன்னதற்குச் சமமாகவோ பெரிதாகவோ ஆகுமாறு செய்தால், ஒலி அடங்கவே அடங்காது. நாடாவின் நிறைவே எல்லையாக நின்று ஓலமிடும்.

அடுத்தது பரப்பு. நமக்குக் காது இரண்டு. இடப்புறத்திலிருந்து வரும் ஒலி வலக்காதை அடைய ஒரு மில்லிசெக்கனிலும் குறைந்த நேரமே பிந்துகிறது. அந்தச் சிறு பிந்தலும் ஒலியளவின் வேறுபாடுமே திசையைக் காட்டுகின்றன. இதனைப் பயன்படுத்தி இரு ஒலிபெருக்கிகளால் ஒலியை அகலப்படுத்தும் ஸ்டீரியோ முறைக்கு 1931இல் இங்கிலாந்தின் அலன் புளும்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1949இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முற் ஹாஸ் என்பவர் மற்றோர் உண்மையை ஆராய்ந்து வெளியிட்டார். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து, ஏறத்தாழ 5 முதல் 30 மில்லிசெக்கன் முன்பின்னாக வந்தால், காது அவற்றை இரண்டெனக் கொள்ளாது; முந்தி வந்ததன் திசையையே திசையாகக் கொள்ளும். பிந்தி வந்தது தனியே கேளாமல், ஒலிக்கு அகலத்தையும் நிறைவையும் மட்டும் தரும்.

இதனால் கிற்றாரை அகலப்படுத்த இரு வழிகள் உள்ளன. இடத்துக்கும் வலத்துக்கும் சில மில்லிசெக்கன் வேறுபாடு வைத்து, ஒன்றே அகன்றதுபோல் தோன்றச் செய்வது ஒன்று. வேறுபாட்டைப் பெரிதாக வைத்து, மீளொலி இடத்திலொருமுறை, வலத்திலொருமுறை தனித்தனியே விழச் செய்வது மற்றொன்று. ‘குயீன்’ குழுவின் பிரையன் மே நாடாக் கருவிகளின் தாமதத்தைக் கூட்டி, ஒவ்வொரு மீளொலியையும் தனித்தனி அம்பிளிபயருக்கு அனுப்பி, தாம் ஒருவரே மூவராக நின்று இசைவுடன் வாசித்துக் காட்டினார். 1974இல் வெளிவந்த ‘பிரைட்டன் ரொக்’ என்ற பாடல் இவ்வகையில் பெயர்பெற்றது.

இப்போது எமது மாணவியிடம் திரும்புவோம். அவள் வீட்டிலே இரு காதுகளிலும் கேட்பொறி அணிந்து பயின்றிருந்தாள். இடப்பக்க மீளொலியை 300 மில்லிசெக்கனுக்கும், வலப்பக்கத்தை 310 மில்லிசெக்கனுக்கும் வைத்திருந்தாள். பத்து மில்லிசெக்கன் வேறுபாடு. இடக்காது இடத்தை மட்டும் கேட்டது. வலக்காது வலத்தை மட்டும் கேட்டது. ஒலி அகன்று விரிந்தது. நாடாச் சிதைவையும் மிகுதியாகச் சேர்த்திருந்தாள். கேட்பொறியில் அது இதமாகவே இருந்தது.

எமது மண்டபத்திலோ ஒலிபெருக்கி ஒன்றே. பெட்டியின் ஒரு வாயிலில் மட்டும் வடத்தைச் செருகியபோது, இடமும் வலமும் உள்ளேயே ஒன்றாகக் கலந்து வெளிவந்தன. பத்து மில்லிசெக்கன் முன்பின்னான இரண்டு அலைகளைக் கலந்தால் என்ன நிகழும்? 50, 150, 250 ஹேர்ட்ஸ் ஆகிய மீடிறன்களில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து, இரண்டும் அழிகின்றன. 100, 200, 300 ஆகியவற்றில் மேட்டோடு மேடு சேர்ந்து இரட்டிக்கின்றன. சீப்பின் பற்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்றாக ஒலி அழியும். கிற்றாரின் நான்காம் கம்பி திறந்து மீட்டினால் ஏறத்தாழ 147 ஹேர்ட்ஸ். இரண்டாம் கம்பி 247. மூன்றாம் கம்பி 196. ஆகவே முதல் மீளொலியில் நான்காம் கம்பியினதும் இரண்டாம் கம்பியினதும் அடிச்சுரம் பத்திலொரு பங்காய்த் தேய்ந்தது. மூன்றாம் கம்பியின் சுரம் முழங்கிற்று. சில சுரங்கள் இடியென ஒலிக்கச் சில காற்றோடு போனது இதனாலேயே. பிள்ளையின் விரல்களில் குற்றமில்லை.

மற்றொன்றும் உண்டு. எமது மண்டபத்தின் பின்சுவர் மேடையிலிருந்து ஏறத்தாழ 24 மீற்றர் தொலைவில் உள்ளது. திரையில்லாத வெறும் சுவர். ஒலி போய்வர 48 மீற்றர். ஏறத்தாழ 137 மில்லிசெக்கன். மெம்பிசில் நாடாவினாற் செய்ததை எமது பின்சுவர் கூலியின்றியே செய்துகொண்டிருந்தது! பெட்டி தந்த மீளொலி ஒவ்வொன்றையும் சுவர் மீண்டும் ஒருமுறை சொல்லிற்று. மீளும் அளவும் மிகுதி, சிதைவும் மிகுதி. இரண்டு சுரங்கள் ஒன்றாகச் சிதைவுக்குள் புகுந்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான மீடிறன்களும் பிறக்கின்றன. அவை ஒரு சுரத்துக்கும் உறவில்லாதவையாய் அமைவது பெரும்பாலும் உண்டு. இவ்வாறு பிறந்ததே அந்த இரைச்சல்.

அடுத்த தவணையில், இசை ஆசிரியரின் உதவியோடு, அவளும் நானும் வெறுமையான அம்மண்டபத்தில் ஒரு பிற்பகலைச் செலவிட்டோம். முதலில் மேடையில் நின்று கைதட்டிச் சுவரின் எதிரொலியைக் கேட்டோம். பின்னர் ஒவ்வொரு குமிழாகத் திருத்தினோம். அன்று கைக்கொண்ட ஒழுங்கைக் கூறுகிறேன், பயில்வோர்க்குப் பயன்படலாம்.

ஒன்று: முதலில் பெட்டியை நிறுத்திவிட்டு, வெறுங் கிற்றாரை அந்த இடத்தில் வாசித்துக் கேட்டல். மண்டபம் தானே தரும் எதிரொலி எவ்வளவோ, அவ்வளவுக்குப் பெட்டியின் எதிரொலி குறையவேண்டும்.

இரண்டு: காலத்தைத் தாளத்துக்கு அமைத்தல். அவளது பாட்டு நிமிடத்துக்கு 80 அடி. இடப்பக்கத்தை அரை அடியான 375 மில்லிசெக்கனுக்கும், வலப்பக்கத்தை ஓர் அடியான 750க்கும் வைத்தோம். வேறுபாடு பெரிதாகையால் இரண்டையும் ஒன்றாகக் கலந்தாலும் காது அவற்றை இரு தனிச் சுரங்களாகவே கேட்டது. கம்பிக்குக் கம்பி ஒலி மாறும் குறை தெரியவில்லை.

மூன்று: மீளும் அளவை ஐந்தில் இரண்டு பங்குக்கு இறக்குதல். அப்போது ஐந்தாவது மீளொலி மூலத்தின் ஏறத்தாழ நூறிலொரு பங்காகி மறைந்துவிடும்.

நான்கு: சிதைவை மீளொலிக்கு மட்டும் சேர்த்தல், மூல ஒலி தெளிவாகவே செல்லவேண்டும். முரட்டுச் சிதைவு தரும் வேறு பெட்டி இருந்தால் அதை டிலேக்கு முன்னே வைக்கவேண்டும். பின்னே வைத்தால் மூலமும் மீளொலியும் ஒன்றாகச் சேர்ந்து நசுங்கும். தாழ்ந்திருக்கவேண்டிய மீளொலி மூலத்தின் உயரத்துக்கு ஏறிவிடும்.

ஐந்து: மீளொலியின் இரு முனைகளையும் கத்தரித்தல். ஏறத்தாழ 200 ஹேர்ட்சுக்குக் கீழுள்ள முழக்கத்தையும், 3000 அல்லது 4000க்கு மேலுள்ள கூர்மையையும் குறைத்தோம். மீளொலி பின்னே தள்ளி நின்றது.

ஆறு: இவற்றையெல்லாம் ஒரே ஒலிபெருக்கியில் கேட்டுச் சரிபார்த்த பின்னரே இரண்டாவதைப் பற்றி எண்ணுதல்.

இந்த ஆறாவது விதியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வானொலி நேயராகிய உங்களுக்கு அது நெருங்கிய செய்தி. சமையலறையிலும் கடையிலும் முச்சக்கர வண்டியிலும் ஒரே ஒலிபெருக்கியுள்ள வானொலிப் பெட்டியில் கேட்போர் இன்றும் பலர். இடமும் வலமும் அங்கே ஒன்றாகின்றன. அகலத்தைக் காட்டுவதற்காக ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாகத் திருப்பிவிடும் தந்திரமும் உண்டு. கேட்பொறியில் அது மிக அகன்று தோன்றும். ஒரே ஒலிபெருக்கியிலோ மேடும் பள்ளமும் ஒன்றையொன்று முழுதும் அழித்து, அவ்வொலி இல்லாமலே போய்விடும். இரண்டு ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் கேட்கும் இசை, பாதி வழியில் நின்றுவிட்ட இசையேயாகும்.

அவ்வாண்டு ஆசிரியர் தின விழாவில் அம்மாணவி மறுபடியும் வாசித்தாள். அதே பாட்டு, அதே பெட்டி, அதே ஒற்றை ஒலிபெருக்கி. ஒவ்வொரு சுரமும் முன்னே வந்து நின்றது; அதன் மீளொலி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, பின்னே தாழ்ந்து மங்கிச் சென்றது. வாசிப்பு முடியுமுன் நான் மேடையேறவில்லை, முடிந்தபின் ஏறினேன். பரிசளிப்பு விழாவன்று வாசிப்பை நிறுத்தியது எனது தவறென்றும், காரணம் அறியாமல் கண்டித்தது அதனினும் பெரிய தவறென்றும் பாடசாலை முழுவதற்கும் முன்னே கூறினேன். பதவியில் முப்பது ஆண்டுகளை அண்மிக்கும் ஒருவருக்கு அது எளிதாயிருக்கவில்லை. ஆயினும் அன்று நான் வீடு சென்றபோது மனம் இலேசாயிருந்தது.

இன்றிரவு கேட்பொறியில் கிற்றார் இசை கேட்பவர்கள், சிறிது நேரம் ஒரு காதிலிருந்து அதனைக் கழற்றிப் பாருங்கள். பின்னர் அதே பாட்டைச் சிறு வானொலிப் பெட்டியிலும் கேட்டுப் பாருங்கள். எந்த எதிரொலி மறைகிறது, எது நிலைக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய பெட்டியொன்றை வைத்து இரைச்சல் எழுப்பினால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். அருகே அமர்ந்து, “நீ எப்படிக் கேட்கிறாய்?” என்று முதலில் வினவுங்கள்.